கடைசி ஸ்டாப்பு வரைக்கும்

பஸ்ஸில் ஏறுவதென்றால் நமக்கெல்லாம் போய்ச் சேர ஓர் ஊர் வேண்டும், அந்த ஊரில் ஒரு வேலையோ ஒரு மனிதரோ வேண்டும். என் எதிர் வீட்டு அக்காவுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை. ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் போதும். பஸ் எங்கே போகிறதோ அதுதான் அவர் போகிற ஊர்.

கல்யாணமாகி ஆரணி கொசப்பாளையத்துக்கு நான் குடிவந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிர் வீட்டுப் பக்கச் சந்திலிருந்து அந்த அக்கா வெளியே வந்தார். அதுவரை அவரைப் பழைய நூல் புடவையில், விரலெல்லாம் சாம்பலாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இஸ்திரி போட்ட வாயில் புடவை, முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர், தண்ணீர் பாட்டில் வைத்த துணிப்பை.

"எங்கக்கா, எதுனா விசேஷமா?"

"இல்லம்மா. களம்பூர் வரைக்கும்."

"அங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப இன்னா வேலையா போறீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்களின் யோசனை அது. "சும்மாதான். போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் அப்போது களம்பூரில் ஒரு ரைஸ்மில்லில் சூப்பர்வைசர். அன்று அவருக்கு டூட்டி. சாயங்காலம் வந்தவர், "உங்க எதிர் வீட்டு அக்காவ மில்லாண்ட பாத்தேன்" என்றார். "டீக்கடையில தனியா ஒக்காந்து டீயில பொறைய நனைச்சி சாப்ட்டுகினு இருந்திச்சு. வண்டிய நிறுத்தி, வாங்கக்கா, வீட்ல வுட்டுட்றேன்னேன். வேணாம் தம்பி, பஸ்ஸு கீதுன்னு சொல்லிடுச்சு."

பைக்கில் உட்கார்ந்து அரை மணியில் வீடு வந்து சேர்வதை வேண்டாம் என்று சொல்லி, நின்று நின்று வருகிற டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணமாகிச் சில மாதத்திலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று தெருவில் சொல்வார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தம்பி வீட்டின் பின்பக்கம், தனிக் கதவு வைத்த ஓர் அறையில் இருந்தார். வேலை, பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிகிறபோது பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிசான பட்டிழை, ஆயிரக்கணக்கில். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரை நிமிர முடியாது. ஊரில் எந்த வீட்டில் பாவு முடிகிறதோ அந்த வீட்டில் அன்றைக்கு அக்கா இருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் லீவு.

"வாரம் பூரா ஒரு சாண் தூரத்துலயே பாத்துகினு கெடக்கறேன்மா" என்று ஒருமுறை சொன்னார். "கண்ணு உள்ளாற போயிட்ட மாதிரி கீது. பஸ்ல ஒக்காந்து வயலு, மலைன்னு பாத்தாதான் அது மறுபடி வெளிய வருது."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆன பிறகு அவருக்குத் திசையெல்லாம் திறந்துவிட்டது. களம்பூர், போளூர், சேத்துப்பட்டு, செய்யாறு. மாறி மாறி ஏறினால் வெம்பாக்கம், தேசூர் வரைகூடப் போய் வரலாம். இடது பக்க ஜன்னல்தான் வேண்டும். இடது பக்கம்தான் ஊர் கிட்டத்தில் வரும், வலது பக்கம் எதிரில் வருகிற லாரிதான் தெரியும் என்பார். ஜன்னல் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்பார். அவசரமாகப் போகிறவர்கள் மேலே விழுந்து ஏறும்போது ஒதுங்கி வழிவிட்டு, கடைசி ஆளாக ஏறுவார். மழை வந்தால் மட்டும் அவரால் மற்றவர்களுக்கு பேஜார். ஷட்டரை இறக்க மாட்டார். பின் சீட்டில் இருப்பவர்கள் திட்டத் திட்ட, பாதி மட்டும் இறக்கிவிட்டு, அந்தப் பாதி வழியாக நனைந்துகொண்டே பார்ப்பார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவார். நான் வாசலில் நின்றிருந்தால், பார்த்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்.

"மில்லு களத்துல நெல்லு காய வெச்சிருந்தாங்க. ஒரு பொம்பள கால்லயே துழாவிகினு போவுது. களம் பூரா கோடு கோடா, அவ்ளோ அழகு."

இன்னொரு வாரம்: "ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல மாப்ள மாலையோட தனியா நின்னு போன் பேசிகினு இருந்தான். அழுதா மாதிரி இருந்திச்சு."

"அப்புறம் இன்னாக்கா ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? பஸ்ஸு போயிடுச்சே."

அந்த மாப்பிள்ளையை நினைத்து எனக்கு ரெண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. பார்த்ததைத் தொடர்ந்து போக வேண்டும் என்ற ஆசையே அவருக்கு இருந்ததில்லை.

தம்பி பெண்சாதிக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனசுக்காரி இல்லை அவள். "ஊட்ல கறி எடுக்கறதே ஞாயித்துக்கெழமதான். அன்னிக்குன்னு பார்த்து இது கெளம்பிடுது. பாக்கறவங்க நான் சோறு போடலன்னு நெனைக்க மாட்டாங்க?" என்று என்னிடம் வருத்தப்படுவாள். நான் அதை ஒருநாள் அக்காவிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"சோறெல்லாம் நல்லாதான் போடும்" என்றார் அக்கா. "அவங்க எல்லாரும் ஹால்ல டிவி முன்னாடி ஒக்காந்தா ஹாலு ரொம்பிடுதும்மா. நான் போய் நின்னா ஆளாளுக்கு நகர்றாங்க. எனக்கு ஒரு மாதிரி கீது."

ஒரு வருஷம் தையில் தம்பி மகள் தீபாவுக்கு வெம்பாக்கத்திலிருந்து வரன் வந்தது. பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. எல்லாம் பேசி முடிந்து தட்டு மாற்றப் போகிற நேரம். பையனின் அம்மா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "பொண்ணோட அத்தைய எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல அடிக்கடி பாக்கறமே. எங்க ஊர்ல யாரு கீறாங்க அவங்களுக்கு?"

தம்பி பட்டென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அது வரவில்லை. சபையில் ரெண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அதோடு முடிந்தது, தட்டும் மாறியது. ஆனால் அன்று மாலை தம்பி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"நீ எவனப் பாக்கப் போறேன்னு கேக்கறாங்க! நான் இன்னான்னு சொல்றது?"

"யாரையும் பாக்கப் போவலடா. சும்மாதான் போறேன்."

"சும்மா எவளாவது வெம்பாக்கம் போவாளா? நாலு பேருகிட்ட சொன்னா சிரிப்பாங்க. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் நீ தெருவத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்துக் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒருநாள் குழம்பு கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொடலாம்.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நானும் உங்க கூட வரேன். யாராவது கேட்டா கோயிலுக்குப் போயிட்டு வரோம்னு சொல்லிடலாம். கோயிலுக்குன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்கா தலையை ஆட்டினார். "கோயிலுக்குன்னா கோயிலுக்குப் போவணும்மா. நான் சும்மா போறவ. சும்மா போறதுக்கு ஒரு பொய் சொல்லிட்டா, அப்புறம் அது சும்மா போறதா இருக்காது. நெஜமாவே எதையோ மறைக்கறவளா பூடுவேன்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. வெம்பாக்கத்துக்கு வேனில் போனோம். பெண் வீட்டுக்காரர்கள், சீர்வரிசைத் தட்டுகள், குத்துவிளக்கு, குழந்தைகள் என்று வேன் முழுக்க நெரிசல். அக்காவை நடுவில், இரண்டு வாழைத்தாருக்கும் ஒரு மிக்சி பெட்டிக்கும் இடையில் உட்காரவைத்திருந்தார்கள். அவருக்குப் பழகிய அந்த ரோட்டில் அவர் அன்று எதையும் பார்க்கவில்லை. மண்டபத்திலும் அப்படித்தான். பந்தி பரிமாறுகிற இடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார்.

கல்யாணம் முடிந்தது. தம்பிக்கும் கோபம் போய்விட்டது. ஆனாலும் அக்கா உடனே கிளம்பவில்லை. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அன்னிக்கு வரேன்னியே. வர்றியா? தேசூருக்கு."

நான் ஜல்தியாகப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வந்தவாசி பஸ்ஸில் இடது பக்கம் ஒரே ஒரு ஜன்னல்தான் கிடைத்தது. என்னை ஜன்னலோரமாக உட்காரச் சொன்னார். நான் மறுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார்.

"கடைசில" என்றார் அக்கா.

"கடைசில எங்க?"

"பஸ்ஸு எங்க நிக்குதோ அங்க."

"அங்க இன்னாம்மா வேலை?"

"திரும்பி வர்ற வேலதான்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். என் மாமியார் கதை, கேஸ் சிலிண்டர் கதை, ஊர் கதை. அக்கா உம் கொட்டிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் அந்த உம்மும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் முகம் வேறொருவர் முகமாக இருந்தது. வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், சின்னப் பிள்ளை பொம்மைக் கடையைப் பார்க்கிற மாதிரி. அதன் பிறகு நான் பேசவில்லை. அந்த இடத்தில் என்னைப் போன்ற இன்னொருத்திக்கு வேலை இல்லை என்று தோன்றியது.

வந்தவாசியில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். அதில் எங்கள் சீட்டுக்கு மூன்றாவது ஆளாக, கூடையோடு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தார். எண்ணெய்த் தலை. நான் நெளிந்து நெளிந்து நகர்ந்தேன். அக்கா பார்த்துவிட்டு, "இங்க வா, எடம் மாத்திக்கலாம்" என்று ஜன்னலை என்னிடம் கொடுத்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாளின் தலையைத் தாங்கித் தன் தோளில் வாகாக வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அசையாமல் இருந்தார்.

தேசூர் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "மரத்துப் போச்சாக்கா? எழுப்பிவிட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"எதுக்கும்மா எழுப்பறது?" என்றார். பிறகு டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பஸ்ல வந்தாதான் என் மேல யாராவது சாஞ்சி தூங்கறாங்க."

அந்த டீயை என்னால் முழுசாகக் குடிக்க முடியவில்லை. அக்கா நிதானமாகக் குடித்துவிட்டு, தூரத்துப் பாறை மலையைக் காட்டி, "அதும் மேல ஒருத்தன் ஆடு மேய்க்கறான் பாரு" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை பயணம் தொடங்கியது. வெம்பாக்கத்துக்கு மட்டும் போகவில்லை. செய்யாறு வரைக்கும் போவார், அங்கேயே திரும்பிவிடுவார். "அந்த ரூட்டுதான் எனக்கு ரொம்பப் புடிக்கும். ஏரி வரும். ஆனா பொண்ணு வாழப் போன ஊரு. அதுக்கு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார்.

ஆடி பிறந்ததும் தீபாவை அழைத்து வந்தார்கள். புதுப்பெண் ஆடியில் அம்மா வீட்டில்தானே இருக்க வேண்டும். வந்த பெண் முன்னைப் போல் இல்லை. புகுந்த வீட்டில் குறையொன்றும் இல்லை. மாப்பிள்ளை விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போனால் ராத்திரிதான் வருவார், பகலெல்லாம் வீட்டில் அவளும் மாமியாரும்தான், மாமியார் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாயங்காலமானால் தீபா அத்தையின் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். முன்பெல்லாம் அந்தச் சந்துப் பக்கமே போகாத பெண்.

"ஏன் அத்த எங்க ஊருக்கு நீ வர்றதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"வந்தா உனக்கு பேஜாரு" என்றாராம் அக்கா.

தீபாவுக்கு எல்லாம் தெரியும்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீபாவின் மாமியார் காரில் வந்தார், மருமகளை அழைத்துப் போக. விருந்து முடிந்து, வெற்றிலை பாக்கு கொடுத்து, பெட்டிகளை டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. வழியனுப்ப நானும் போய் நின்றிருந்தேன். அக்கா வழக்கம் போலக் கூட்டத்துக்குப் பின்னால், சந்து முனையில் நின்றிருந்தார். தீபா காரில் ஏறாமல் மாமியாரிடம், "நீங்க முன்னாடி போங்க அத்த. நான் எங்க அத்தையோட பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா வெளையாட்றியா? ஏறு வண்டில."

அக்கா ஓடி வந்தார். "வேணாம்மா, கார்ல போ. நான் இன்னிக்கு எங்கயும் போவல."

"நீ போவலன்னா நான் தனியா பஸ்ல போறேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ல எதுக்கும்மா? கார்லதான் எடம் கீதே. அவங்களையும் ஏத்திக்கலாம்" என்றார்.

"எடம் இல்லன்னு சொல்லல அத்த. எங்க அத்தைக்கு பஸ்ல போறதுன்னா புடிக்கும். அதுக்காகத்தான் நம்ம ஊருக்கு வந்துகினு இருந்தாங்க. அங்க யாரும் இல்ல அவங்களுக்கு. இப்பதான் நான் கீறேன்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். மாமியார் டிரைவரிடம், "நாம போவலாம்பா" என்றார். தீபாவைப் பார்த்து, "செய்யாத்துல ஏறறப்ப அவனுக்கு ஒரு போன் பண்ணு. ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்தாரச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். கோபமா இல்லையா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்காவுக்குப் புடவை மாற்றக்கூட நேரமில்லை. வீட்டுப் புடவையிலேயே போனார்.

அன்று அவர் திரும்பி வரும்போது தெரு விளக்கு எரிந்து வெகுநேரமாகியிருந்தது. நான் காத்திருந்தேன்.

"இன்னாக்கா, வழியில பேசிகினு போனீங்களா?"

"எங்க? ஏறினதும் என் மடியில படுத்து தூங்கிடுச்சு. செய்யாறு வர்ற வரைக்கும் தூக்கம்."

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"கூப்புட்டுச்சு. மாப்ளயும் கூப்புட்டாரு. இன்னொரு நாளைக்குன்னு சொல்லிட்டேன். பஸ்ஸ வுட்டு எறங்கல." சந்துக்குள் போய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "பஸ்ஸு கெளம்பற வரைக்கும் ரெண்டு பேரும் கீழயே நின்னாங்கம்மா. கெளம்பறப்ப அது டாட்டா காட்டுச்சு. எனக்கு யாரும் அப்டி நின்னு காட்டினதில்லையா, இன்னா பண்றதுன்னு தெரியல. கைய தூக்கறதா வேணாமான்னு யோசிச்சிகினே இருந்தேன். அதுக்குள்ள பஸ்ஸு திரும்பிடுச்சு."

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. சந்தில் விளக்கு இல்லை.

அதன் பிறகு அக்கா வெம்பாக்கத்துக்கும் போகத் தொடங்கினார், தீபா ஸ்டாண்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்த மழைக்காலத்திலேயே என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை மாறி நாங்கள் ஆரணியை விட்டு வந்துவிட்டோம். இப்போதெல்லாம் எப்போதாவது போனில் பேசுவதுதான். அக்காவுக்கு போனில் பேச வராது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். போன பொங்கலுக்குப் பேசியபோது, தீபா இன்னும் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்கிறாளா என்று கேட்டேன்.

"வாராவாரம் முடியாதும்மா. கொழந்த கீது, ஊட்டு வேல கீது. எப்பனா வரும்."

"வராத வாரம் கஷ்டமா இருக்குமேக்கா."

"வராத வாரமும் பஸ்ஸு கெளம்பறப்ப நான் கைய தூக்கிடறேன்" என்றார். "கீழ நிக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் திருப்பிக் காட்டிடறாங்க."